பர்மாவுக்குப் போன முதல்: செட்டிநாட்டுப் பணமும் நாட்டின் வெளிக்கணக்கும்

1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அந்நியச் செலாவணியையும் கடல்கடந்த வங்கித் தொழிலையும் குறிவைத்துத் தொடங்கிய வங்கி அது. 50 நாள் கழித்து, ஏப்ரல் 1 அன்று, பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. முந்தின நாள்வரை ரங்கூன் மொகல் தெருவில் புழங்கிய செட்டிநாட்டுப் பணம் கணக்குப்படி உள்நாட்டுப் பணம். மறுநாள் காலையில் அதே பணம் வெளிநாட்டு முதலீடு. இடையில் ஒரு காசுகூட இடம் மாறவில்லை.

தனியார் வெளிநாட்டில் போடும் முதலீடு, நாட்டின் அயல்நாட்டுச் செலுத்துநிலையை, அதாவது வெளிநாடுகளோடு உள்ள வரவு செலவுக் கணக்கை, என்ன செய்யும்? இந்தக் கேள்வியை வைத்துப் படிக்க இதைவிட நல்ல நிகழ்வு நம் வட்டாரத்தில் இல்லை என்பது என் எண்ணம். காரைக்குடியும் தேவகோட்டையும் மதுரைக்குப் பக்கத்து ஊர்கள். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. முதல் போனது, பெருகியது, பலன் வந்தது, கடைசியில் பறிபோனது என்று ஒரு முதலீட்டின் முழு ஆயுளும் இதில் கிடைக்கிறது.

இப்போது இதை எடுக்கக் காரணம் உண்டு. 2024-25 நிதியாண்டுக்கு ரிசர்வ் வங்கி முதலில் வெளியிட்ட கணக்கில், இந்தியாவுக்கு வந்த மொத்த நேரடி அந்நிய முதலீடு சுமார் 8,100 கோடி டாலர். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனதையும், இந்தியர்கள் வெளியே போட்ட சுமார் 2,900 கோடி டாலரையும் கழித்தால் மிஞ்சியது 40 கோடி டாலர் அளவுதான். அதற்கு முந்தைய ஆண்டு மிச்சம் சுமார் 1,000 கோடி டாலர். நம் ஆட்களே பணத்தை வெளியே கொண்டுபோகிறார்கள் என்று உடனே ஒரு புலம்பல் கிளம்பியது. அந்தப் புலம்பலில் எவ்வளவு நியாயம் என்று தெரிய, ஒரு ஆண்டின் கணக்கு போதாது.

எது எங்கே விழும்

செலுத்துநிலை என்பது ஒரு நாட்டில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் நடுவே குறிப்பிட்ட காலத்தில் நடந்த கொடுக்கல் வாங்கல். சரக்கு, சேவை, வட்டி, லாபம், குடும்பத்துக்கு அனுப்பும் பணம் எல்லாம் நடப்புக் கணக்கில் சேரும். சொத்து வாங்குவதும் விற்பதும் மூலதனக் கணக்கில் சேரும். வெளிநாட்டுக் கடைக்கு முதல் அனுப்பினால் மூலதனக் கணக்கில் பற்று. அங்கிருந்து லாபம் வந்தால் நடப்புக் கணக்கில் வரவு. பற்று இந்த ஆண்டு விழும். வரவு வர வருஷங்கள் ஆகும். அரசாங்கத்துக்கு டாலர் தட்டுப்பாடு வரும்போது கண்ணில் படுவது பற்று மட்டுமே.

அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. 1960களில் டாலர் வெளியேறுவதைப் பார்த்துப் பயந்த அதிபர் ஜான்சன், 1968 ஜனவரி 1 அன்று அமெரிக்க நிறுவனங்களின் வெளிநாட்டு நேரடி முதலீட்டுக்குக் கட்டாயக் கட்டுப்பாடு அறிவித்தார். போன டாலர் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும், வெளியே ஆலை வைத்தால் உள்ளூர் ஏற்றுமதி குறையுமா கூடுமா என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொருளாதார அறிஞர்கள் பெரிய விவாதமே நடத்தினார்கள். விடை ஒரே கேள்வியில் வந்து நின்றது: அந்த முதலீட்டை நாம் போடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 1974இல் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது.

நாமும் 2013 ஆகஸ்டில் அதே வேலையைச் செய்தோம். ரூபாய் சரிந்து டாலருக்கு 68ஐத் தாண்டிய மாதம் அது. இந்திய நிறுவனம் முன் அனுமதி இல்லாமல் வெளியே போடக்கூடிய தொகை, அதன் நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 400 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தனிநபர் வருஷத்துக்கு அனுப்பக்கூடிய 2 லட்சம் டாலர் 75 ஆயிரமானது. நெருக்கடி அடங்கியதும் இரண்டும் தளர்த்தப்பட்டன. தனிநபர் வரம்பு இப்போது 2.5 லட்சம் டாலர்.

முதல் எப்படிப் போனது

கீழ் பர்மாவைப் பிரிட்டிஷார் 1852இல் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதிப் படுகை நெல்லுக்குச் சந்தை விரிந்தது. காட்டை வெட்டி வயலாக்க, மாடு வாங்க, அறுவடைவரை சாப்பிட, பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குக் கடன் தராது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார்கள் என்னும் செட்டியார்கள். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, பர்மா முழுக்க 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. அவற்றில் புரண்ட பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. கடனில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயத்துக்கு.

இந்த 75 கோடியும் காரைக்குடியிலிருந்து கப்பலேறிய பணம் என்று நினைத்தால் ஆய்வு முழுக்கத் தடம் மாறிவிடும். ஒரு பங்கு பிறர் வட்டிக்காகப் போட்டு வைத்த மேல்பணம். சொந்த முதலிலும் பெரும்பகுதி, கடையிலேயே ஈட்டி, ஊருக்கு அனுப்பாமல் மறுபடி வட்டிக்கு விட்ட லாபம்.

தேவகோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படிப்பட்ட கடையின் பேரேடு ஒன்று இருக்கிறது. நீளவாக்கில் தைத்த தாள்கள், உச்சியில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் கடையின் விலாசம். வரவு ஒரு பக்கம், பற்று மறுபக்கம். கோயிலுக்கு ஒதுக்கும் மகமைக்குத் தனிப் பற்று. முதலாளி ஊரிலேயே இருப்பார். அவர் சார்பில் கடையை நடத்தும் மேலாள் மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மா போவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். தவணை முடியும்போது ஐந்தொகை (முடிவுக் கணக்கு) போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். அந்த ஏட்டில் திரும்பத் திரும்ப வருவது ஊருக்கு அனுப்பிய தொகை அல்ல, "முதலில் சேர்த்தது" என்ற வரிதான். நண்பரின் அப்பத்தா, தொண்ணூறை நெருங்குபவர், நான் பக்கங்களைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கணக்குக்கு இன்னும் யாரும் ஐந்தொகை போடலை, தம்பி" என்றார்.

அப்படியானால் நாமே ஒன்று போட்டுப் பார்ப்போம். புரிவதற்கான கற்பனை எண்கள்தான். எந்தக் கடையின் கணக்கும் இல்லை. ஊரிலிருந்து 100 ரூபாய் போகிறது. வருஷ லாபம் 12 சதவீதம். அதில் 5 ஊருக்கு வருகிறது, 7 அங்கேயே முதலில் சேர்கிறது. 20 வருஷத்தில் அங்கே நிற்கும் முதல் 387 ரூபாய் ஆகியிருக்கும். அதற்குள் ஊருக்கு வந்து சேர்ந்தது 205 ரூபாய். போனது 100, வந்தது 205. ரொக்கத்தை மட்டும் பார்த்தால் நாட்டுக்கு 105 ரூபாய் லாபம்.

பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) இன்றைய விதிப்படி எழுதினால் இதே கதை வேறு மாதிரித் தெரியும். அங்கேயே சேர்த்த 7 ரூபாயும் நமக்கு வந்த வருமானமாக நடப்புக் கணக்கில் வரவு வைக்கப்படும்; உடனே அது புதிய முதலீடாக மூலதனக் கணக்கில் பற்று வைக்கப்படும். 20 வருஷத்தில் வருமானம் 492, மறுமுதலீடு 287, முதலில் போன 100. கழித்தால் அதே 105தான். ஆனால் நேரடி முதலீடாக வெளியே போனது என்ற வரியில் 387 நிற்கும். அதில் 287 இந்தக் கரையை விட்டுப் போனதே கிடையாது! 2024-25இல் 2,900 கோடி டாலர் போனது என்று படித்தோமே, அதிலும் இப்படி அங்கேயே ஈட்டி அங்கேயே விட்ட பங்கு சேர்ந்திருக்கிறது. புலம்புகிறவர்கள் இதைக் கழித்துவிட்டுப் புலம்புவதில்லை.

தேக்கும் நெல்லும் கைலியும்

வந்த 205 ரூபாய் எப்படி வந்தது என்பது இன்னொரு கதை. செட்டிநாட்டு வீடுகளின் வளவில் நிற்கும் தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், ஒரே மரமாக, வழவழவென்று நிற்கும் பர்மாத் தேக்கு. அங்கே ஈட்டிய வட்டி மரமாகி இங்கே வந்து இறங்கியிருக்கிறது. செலுத்துநிலைக் கணக்கில் இது இரண்டு வரி. முதலீட்டு வருமானம் வரவு, மர இறக்குமதி பற்று. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். நாட்டின் செலாவணிக் கையிருப்பு துளியும் ஏறாது. இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பிய எனாமல் பாத்திரமும் இன்னும் ஒரு படி மேல். பர்மாவில் சம்பாதித்தது, ஐரோப்பாவுக்குச் செலவாகிப் போனது. வெளிநாட்டு வருமானம் வந்தாலே செலுத்துநிலை பலப்படும் என்பவர்கள் காரைக்குடித் தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

நெல் விஷயம் வேறு. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. அந்த அரிசியை விளைவிக்கக் கடன் கொடுத்ததும் நம் மாகாணத்துப் பணம். வருமானமாக வர வேண்டிய பணத்தை அரிசியாகக் கொண்டுவந்தால், இறக்குமதிக்கு வேறு எங்கும் செலாவணி தேட வேண்டாம். அது உண்மையான பலன். அதோடு, வட்டிக்கடை இருந்த ஊரெல்லாம் தமிழ்க் கூலியாட்களும் வியாபாரிகளும் போனார்கள். சென்னை மாகாணத்துக் கைத்தறிக் கைலிக்குப் பர்மாவில் சந்தை இருந்தது. முதலீட்டின் பின்னால் ஏற்றுமதியும் போகும் என்று இன்றைக்குச் சொல்வதற்கு நல்ல உதாரணம்.

அப்புறம், போடாமல் இருந்திருந்தால்? அந்தப் பணம் வைகைக் கரையிலேயே நின்றிருந்தால் மதுரைக்கு ஆலைகள் வந்திருக்குமா? இந்த இடத்தில் நான் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எழுந்த ஹார்வி மில்லை நினைத்துக்கொள்வேன். செட்டிநாட்டுப் பணம் கிழக்கே கப்பலேறிய அதே 1890களில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் மதுரையில் நூற்பாலை கட்டினார்கள். நம் பணம் ஐராவதிக்கு, அவர்கள் பணம் வைகைக்கு. ஆகவே மதுரையில் முதல் போட வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆலைக்கு வேண்டியது தொழில்நுட்பம், இயந்திரம், இங்கிலாந்தின் ஜவுளிப் பகுதியான லங்காஷயரோடு தொடர்பு. நகரத்தாருக்குக் கைவந்தது கடன் தொழில். நம் மானாவாரி பூமியில் கடன் கொடுத்துத் திரும்ப எடுப்பதைவிட, ஆண்டுதோறும் வெள்ளம் பாயும் படுகையில் கொடுத்து எடுப்பது எளிது. போனது தவறில்லை என்றே நான் கருதுகிறேன். போன பணத்தில் இன்னும் கொஞ்சம் திரும்பி வந்து, தூண் ஆகாமல் தறி ஆகியிருந்தால் இந்தப் பகுதியின் கதையே வேறு.

எதிர்க்கரையிலிருந்து

இங்கே வரவு என்றால் அங்கே பற்று. பர்மாவின் ஏற்றுமதி அதன் இறக்குமதியைவிட எப்போதும் மிக அதிகம். அந்த உபரி பர்மியர்களிடம் தங்கவில்லை. வட்டியாக, லாபமாக, சம்பளமாக இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் போனது.

1930-31இல் உலக மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கடன் அப்படியே நின்றது. விவசாயிகளால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர், மொத்தத்தில் 6 சதவீதம். 1938இல் 24 லட்சத்து 68 ஆயிரம் ஏக்கர், 25 சதவீதம்.

செட்டியார்கள் நிலம் கேட்டுப் போனவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது புரளும் பணம். விற்க ஆள் இல்லாத நிலம் அவர்கள் தலையில் கட்டப்பட்டது. ஆனால் பர்மிய விவசாயி பார்த்தது, தன் தாத்தா காடு வெட்டித் திருத்திய வயல் வெளிநாட்டான் பேருக்கு மாறியதை. 1930 மே மாதம் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் வீட்டு வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடினால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

கணக்குப் போடுகிறவர் இங்கே கவனிக்க வேண்டியது, கடன் நிலமாக மாறியது முழுக்கப் பர்மாவுக்குள்ளேயே நடந்தது என்பதை. எல்லை தாண்டி ஒன்றும் போகவில்லை, வரவில்லை. ஆகவே செலுத்துநிலையில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. முதலீட்டின் தன்மையே தலைகீழாக மாறிவிட்டது. மூன்று வருஷத்தில் சுருட்டி எடுக்கக்கூடிய பணம், நகர்த்தவே முடியாத மண்ணாகிவிட்டது. ஊருக்கு வரும் தொகை குறைந்தது என்பது மட்டும்தான் இந்தப் பக்கத்தில் தெரிந்த அடையாளம்.

முடிவு

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கிடைத்த கப்பலில் வந்தவர்கள் உண்டு. காட்டு வழியே நடந்தவர்கள், வழியில் செத்தவர்கள் உண்டு. 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. உள்நாட்டுப் போரால் தள்ளிப்போய், 1953இல் புதுச் சட்டத்தோடு வேகம் பிடித்தது. இழப்பீடு பெரும்பாலும் கைக்கு வரவில்லை. 1963இல் நெ வின்னின் ராணுவ ஆட்சி வங்கிகளை எடுத்துக்கொண்டது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பர்மாக் கிளைகளும் அதில் போயின. 1964இல் கடைகளும் போயின, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்களால் வந்தது.

இனி நம் ஐந்தொகைக்கு வருவோம். அங்கே நின்ற 387 ரூபாய் பூஜ்யமாகிவிட்டது. செலுத்துநிலைக் கணக்கில் அதை எங்கே எழுதுவது? எங்கேயும் எழுத முடியாது. இழப்பீடு இல்லாமல் பறிக்கப்பட்ட சொத்து கொடுக்கல் வாங்கல் ஆகாது. அதனால் நடப்புக் கணக்கிலும் இடமில்லை, மூலதனக் கணக்கிலும் இடமில்லை. போனது 100, வந்தது 205, நிகர லாபம் 105 என்று அந்தக் கணக்கு என்றைக்கும் நின்றுகொண்டிருக்கும். ஒரு வட்டாரமே நிலைகுலைந்ததை அந்த ஏடு லாபம் என்று சொல்லும். இழப்பு பதிவாகும் இடம் வேறு ஏடு. அதற்குப் பெயர் பன்னாட்டு முதலீட்டு நிலை. வெளியே நமக்கு என்ன நிற்கிறது, நம்மிடம் வெளியாருக்கு என்ன நிற்கிறது என்ற இருப்புக் கணக்கு அது. வருமானம் நின்றுபோனதும் தெரியாமல்தான் இருக்கும், ஏனென்றால் வராத பணத்துக்கு வரவு வரி கிடையாது. 1957-58இல் இந்தியா கடுமையான செலாவணி நெருக்கடியில் மாட்டியபோது பர்மாவிலிருந்து வந்திருக்க வேண்டிய வருமானத்தை யாரும் பற்றாக எழுதவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை. மௌல்மீனில் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930களிலேயே சொத்தை இந்தியாவுக்கு நகர்த்திவிட்டது. அந்தப் பணம் 1949இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடு கூட்டாகச் சென்னையில் சைக்கிள் தொழிற்சாலையானது. இரண்டு வகையினருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் லாப விகிதம் இல்லை. நிலம் ஆகிவிடுவதற்கு முன்பே எடுக்க முடிந்ததா என்பதுதான்.

இன்றைய விதி, இன்றைய ஏடு

2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் முன்பைவிடத் தாராளமானவை. நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை வங்கி வழியாகவே போடலாம். மதுரை சொக்கிகுளத்தில் பதிவு அலுவலகம் கொண்ட டிவிஎஸ் சப்ளை செயின் சொல்யூஷன்ஸ், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிறுவனங்களை வாங்கி வளர்ந்தது. இப்படிப்பட்ட முதலீட்டை, பற்று விழுந்த ஆண்டை வைத்துக் கரித்துக்கொட்டுவது அநியாயம். நம் பக்கத்து இளைஞர்கள் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அனுப்பும் பணத்தையும் இதோடு குழப்பக் கூடாது. 2024-25இல் நாடு முழுக்க அப்படி வந்தது சுமார் 13,500 கோடி டாலர். அது உழைப்பின் வரவு, வெளியே எந்த முதலும் போகாமல் வருவது.

விதிகள் கேட்கும் இரண்டு காகிதங்களை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை டிசம்பர் 31க்குள் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சொத்தும் கடனும் எவ்வளவு என்ற படிவத்தை ஜூலை 15க்குள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்ப வேண்டும். சிறு நிறுவனங்கள் பல இவற்றைத் தண்டம் என்று நினைத்துக் கடைசி நாளில் ஆடிட்டர் தலையில் தள்ளிவிடுகின்றன. ஆனால் வெளியே நிற்பது எவ்வளவு, அதில் அங்கேயே சேர்ந்த லாபம் எவ்வளவு, மதிப்பு ஏறியதா விழுந்ததா என்று நாட்டுக்குத் தெரிய வழி இவைதான்.

இவற்றிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்திய முதலீடு அதிகம் போகும் இடங்களாகச் சிங்கப்பூர், மொரீஷியஸ், நெதர்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை பட்டியலில் வருகின்றன. இவற்றில் பல, பணம் இறங்கி அடுத்த நாட்டுக்குப் போகும் துறைமுகங்கள். சிங்கப்பூர் என்று பதிவான தொகை உண்மையில் எந்த நாட்டு மண்ணில், எந்த ஆலையில், எந்த அரசின் சட்டத்துக்குக் கீழே நிற்கிறது என்பது பொதுவில் வெளிவரும் பட்டியலில் தெரிவதில்லை. பர்மாவில் எத்தனை லட்சம் ஏக்கர் நிற்கிறது என்று 1938இலேயே பர்மிய அரசுக்குத் தெரிந்திருந்தது. ரிசர்வ் வங்கி, முதல் இறங்கும் நாட்டோடு நிறுத்தாமல், கடைசியில் போய் நிற்கும் நாட்டின் பேரில் ஒரு பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். நிறுவனங்கள் ஏற்கெனவே கொடுக்கும் அறிக்கைகளைக் கொண்டே அந்த வேலையைத் தொடங்கலாம்.